குடம் இருக்கட்டும்... கணக்கு எங்கே?

காஞ்சிபுரத்திலிருந்து தெற்கே பாலாற்றையும் செய்யாற்றையும் தாண்டி சுமார் 30 கிலோமீட்டர் போனால் உத்திரமேரூர். பட்டுச்சேலை எடுக்கவும் கோயில் பார்க்கவும் காஞ்சிக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் இந்த ஊர்ப் பக்கம் திரும்புவதில்லை. திரும்புகிறவர்களும் மூன்று தளங்களில் நின்று, இருந்து, கிடந்து காட்சி தரும் சுந்தரவரதப் பெருமாளைச் சேவித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அதே ஊரில் அமைதியாக நிற்கிறது வைகுண்டப் பெருமாள் கோயில். உள்ளே இருக்கும் பெருமாளைவிட அந்தக் கோயில் மண்டபத்தின் சுவருக்குத்தான் உலகப் புகழ்.

குடவோலை முறை பற்றிப் பள்ளிப் பாடத்தில் படிக்காத தமிழ்ப் பிள்ளைகள் இல்லை. 'சோழர் காலத்திலேயே தேர்தல் நடத்தினார்கள்' என்பது மேடைப் பேச்சுகளின் வழக்கமான வரி. வாட்ஸ்அப்பில் ஆண்டுக்கு இரண்டு முறையாவது இந்தச் செய்தி சுற்றி வரும். பெருமைப்படுவதில் தவறில்லை. ஆனால், அந்தக் கல்வெட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை பொறுமையாகப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். ஊர்ப் பெரியவர்கள் குடத்தைப் பற்றி எழுதிய அதே அக்கறையோடு இன்னொன்றைப் பற்றியும் எழுதி வைத்திருக்கிறார்கள். அதுதான் கணக்கு!

இரண்டே ஆண்டுகளில் ஒரு திருத்தம்

உத்திரமேரூரின் பழைய பெயர் உத்தரமேரு சதுர்வேதிமங்கலம். பல்லவர் காலத்தில் அந்தணர்களுக்குப் பிரமதேயமாகக் கொடுக்கப்பட்ட ஊர். ஊர் நிர்வாகத்தை நடத்தியது 'சபை'. அந்தச் சபை எடுத்த முடிவுகள், வாங்கிய நன்கொடைகள், விற்ற நிலங்கள் எல்லாமே இந்த ஊர்க் கோயில்களின் கல்லில் ஏறியிருக்கின்றன. பல்லவர் காலத்தில் தொடங்கிச் சோழர் காலம் வரை நீளும் இந்தக் கல்வெட்டுகளை ஊரின் ஆவணக் காப்பகம் என்றே சொல்லலாம்.

அவற்றில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டுதான் எல்லோரும் பேசுபவை. முதலாவது அவனுடைய 12-ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 919-இல் எழுதப்பட்டது. இரண்டாவது 14-ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 921-இல் எழுதப்பட்டது. இடையே இரண்டே ஆண்டுகள்!

ஒரே விஷயத்துக்கு எதற்காக இரண்டு முறை கல்லில் வெட்ட வேண்டும்? முதலில் போட்ட விதி போதவில்லை என்பதுதான் காரணமாக இருக்க முடியும். முதல் கல்வெட்டில் உறுப்பினராக வருகிறவருக்கு வயது 30-க்கு மேல், 60-க்குள். இரண்டாவதில் அது 35-க்கு மேல், 70-க்குள் என்று மாறுகிறது. தகுதிகளும் தடைகளும் இன்னும் விரிவாகின்றன. தீயவர்கள் ஒழிந்து நல்லவர்கள் தழைக்கவே இந்த ஏற்பாடு என்று நோக்கத்தையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார்கள். ஊரில் ஏதோ கசப்பு நடந்திருக்கிறது, அதைச் சரிசெய்யப் பார்க்கிறார்கள் என்பது வரிகளுக்கிடையே தெரிகிறது.

இதில் அரசனின் கையும் இருக்கிறது. இரண்டு முறையும் சபை கூடியபோது சோழ அரசனின் ஆணையோடு வந்த அதிகாரி ஒருவர் உடன் இருந்தார். 919-இல் வந்தவர் தத்தனூர் மூவேந்தவேளான். 921-இல் வந்தவர் சோமாசிப் பெருமான். ஆக, ஊர் தன்னைத்தானே ஆண்டுகொண்டது என்பது உண்மை. மேலே ஒரு கண் பார்த்துக்கொண்டிருந்தது என்பதும் உண்மை.

ஓட்டு அல்ல, சீட்டு

குடவோலையைத் 'தேர்தல்' என்று சொல்லும்போது ஒரு சின்னக் குழப்பம் வருகிறது. அங்கே யாரும் யாருக்கும் ஓட்டுப் போடவில்லை. நடந்தது சீட்டுக் குலுக்கல். கோயிலில் பூ வைத்துப் பார்ப்பதையும் திருவுளச்சீட்டு எடுப்பதையும் அறிந்த நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரிந்துகொள்வதில் சிரமம் இருக்காது. குடத்திலிருந்து ஓலை எடுக்கும் வழக்கம் சோழர்களுக்கும் பல நூற்றாண்டுகள் முந்தையது. அகநானூற்றின் 77-ஆம் பாடலிலேயே அதற்குக் குறிப்பு இருக்கிறது.

கல்வெட்டு சொல்லும் நடைமுறை இதுதான். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பதை இன்றைய வார்டு மாதிரி வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயர்களைத் தனித்தனி ஓலைகளில் எழுதுவார்கள். அந்த ஓலைகளைக் கட்டாகக் கட்டி, எந்தக் குடும்பு என்று மேலே ஓர் ஓலையில் எழுதி, 30 கட்டுகளையும் குடத்தில் போடுவார்கள்.

பிறகு சிறியவர் முதல் முதியவர் வரை மகாசபை கூட வேண்டும். அன்று ஊரில் இருக்கும் கோயில் நம்பிமார் ஒருவர் விடாமல் மண்டபத்தில் உட்கார வேண்டும். அவர்களில் வயதில் மூத்தவர் எழுந்து, எல்லோரும் பார்க்கும்படி குடத்தைத் தூக்கிக் காட்டுவார். உள்ளே என்ன இருக்கிறது என்றே அறியாத ஒரு சிறுவனை அழைத்து ஒரு கட்டை எடுக்கச் சொல்வார்கள். அந்தக் கட்டைப் பிரித்து வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்கி, அதே சிறுவனை ஓர் ஓலை எடுக்கச் சொல்வார்கள்.

அடுத்து வருவதுதான் அழகு. அந்த ஓலையை வாங்குகிறவர் 'மத்தியஸ்தன்' என்ற ஊர் அலுவலர். அவர் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில்தான் ஓலையை வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை ஒளித்திருக்கக் கூடாதல்லவா! வாங்கியவர் பெயரை உரக்க வாசிப்பார். அதோடு முடியவில்லை. மண்டபத்தில் இருக்கும் நம்பிமார் எல்லோரும் அதே ஓலையை வாசித்த பிறகுதான் பெயர் பதிவாகும்.

இப்படி 30 குடும்புக்கு 30 பேர். அவர்களில் கல்வியிலும் வயதிலும் மூத்த, முன்பே தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் பார்த்த 12 பேர் சம்வத்சர வாரியம், அதாவது ஆண்டு வாரியம். 12 பேர் தோட்ட வாரியம். 6 பேர் ஏரி வாரியம். பஞ்சவார வாரியத்துக்கும் பொன் வாரியத்துக்கும் தனியாகச் சீட்டு எடுத்தார்கள். பதவிக்காலம் 360 நாள். நடுவில் குற்றம் செய்தது தெரிந்தால் அன்றே வெளியே.

சிறுவன் கையால் சீட்டு எடுப்பது நம் ஊருக்கு மட்டும் தோன்றிய யோசனை அல்ல. இத்தாலியின் வெனிஸ் நகரக் குடியரசிலும் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் நீண்ட சடங்கில் ஒரு சிறுவன்தான் குலுக்கல் உருண்டைகளை எடுத்துக் கொடுப்பான். பெரியவர்களின் கையை நம்ப முடியாத இடத்தில் குழந்தையின் கையை நம்பியிருக்கிறார்கள், இரண்டு தேசத்திலும்.

மாமனார், மருமகன், தம்பி... யாரும் கூடாது!

குடத்தில் பெயர் விழவே தகுதி வேண்டும். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். கல்வி கூடுதலாக இருந்தால் அரைக்கால் வேலி போதும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். கடந்த 3 ஆண்டுகளில் வாரியத்தில் இருந்திருக்கக் கூடாது.

இனி தடைகள். அந்தப் பட்டியலில் முதலில் வருகிறவர் கொலைகாரரோ திருடரோ அல்ல. ஏதேனும் ஒரு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர்! அவர் பெயரைக் குடத்தில் இடக் கூடாது.

அவர் பெயர் மட்டுமா? சிற்றன்னை, பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், தாயோடு உடன்பிறந்தான், தகப்பனோடு உடன்பிறந்தான், தன்னோடு உடன்பிறந்தான், மாமனார், மைத்துனன், தங்கையின் கணவர், மருமகன், தகப்பன், மகன் என்று உறவுமுறைகளை ஒவ்வொன்றாக அடுக்கி அத்தனை பேரையும் தடுக்கிறது கல்வெட்டு. கல்யாணப் பத்திரிகையில்கூட இவ்வளவு உறவுகளைப் பெயர் சொல்லி அழைக்க மாட்டார்கள்.

இன்றைய கண்ணுக்கு இது கொஞ்சம் கொடுமையாகத் தெரியலாம். அத்தான் செய்த தப்புக்கு மைத்துனன் என்ன செய்வான்? ஆனால், அந்தச் சபைக்கு ஊர் நிலவரம் தெரியும். கணக்குக் காட்டாதவர் தாம் ஒதுங்கிக்கொண்டு, மகனையோ மருமகனையோ நாற்காலியில் உட்கார வைத்துவிட்டால்? பினாமி என்ற சொல் வருவதற்கு முன்பே பினாமிக்குக் கதவை அடைத்திருக்கிறார்கள். அதோடு, ஒருவர் ஒளிக்கிற கணக்கைக் கேட்க வேண்டும் என்ற அக்கறை அவருடைய வீட்டுக்குள்ளேயே பிறந்துவிடும். 'மாமா, கணக்கைக் கொடுத்துவிடுங்கள். உங்களால் என் பெயரும் போகிறது' என்று சொல்ல ஒரு மருமகன் இருப்பானே!

எழுதியவரே காட்ட வேண்டும்

கணக்கு எழுதுகிறவருக்கும் விதி உண்டு. நேர்மையாகச் சம்பாதித்து வாழ்கிறவரே ஊர்க் கணக்கை எழுதலாம். தாம் எழுதிய கணக்கைப் பெருங்குறிப் பெருமக்களிடம் காட்டி, அது சுத்தம் என்று அவர்கள் சொன்ன பிறகுதான் மீண்டும் அந்த வேலைக்கு வர முடியும். ஒருவர் எழுதிய கணக்கை அவரேதான் காட்ட வேண்டும். இன்னொரு கணக்கரை வைத்து முடித்துக்கொள்ள அனுமதி இல்லை. 'அந்த ஃபைல் எனக்கு முன்னால் இருந்தவர் பார்த்தது' என்ற பதிலுக்கு அங்கே இடமே இல்லை.

இந்த ஊரின் இன்னொரு கல்வெட்டு, கணக்கு எழுதுகிறவரின் சம்பளத்தைச் சொல்கிறது. நாளொன்றுக்கு நாலு நாழி நெல், ஆண்டுக்கு 7 கழஞ்சு பொன், ஒரு ஜோடி துணி. நல்ல சம்பளம்தான். ஆனால், கணக்கைக் காட்டும்போது பழுக்கக் காய்ச்சிய இரும்பான மழுவைக் கையில் ஏந்தித் தன் சுத்தத்தை நிரூபிக்கவும் வேண்டும். கை சுடுவதை வைத்து நேர்மையை அளக்கும் அந்த வழக்கத்தை இன்று யாரும் ஏற்க மாட்டார்கள். ஏற்கவும் கூடாது. ஊர்ப் பணத்தைத் தொட்டவன் பதில் சொல்லாமல் வீட்டுக்குப் போகக் கூடாது என்பதில் அவர்கள் எவ்வளவு பிடிவாதமாக இருந்தார்கள் என்பது மட்டும் இதில் தெரிகிறது.

கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகரமும் 2,400 ஆண்டுகளுக்கு முன் பெரும்பாலான பதவிகளைச் சீட்டுக் குலுக்கித்தான் நிரப்பியது. அங்கேயும் பதவிக்காலம் முடிந்தவர் கணக்கு ஒப்படைத்துத் தணிக்கையில் தேற வேண்டும். சீட்டுக் குலுக்கலில் யார் வேண்டுமானாலும் வந்துவிடலாம். அதனால்தான் வந்தவரிடம் கறாராகக் கணக்குக் கேட்டார்கள். சீட்டும் கணக்கும் மாட்டுவண்டியின் இரண்டு சக்கரம் மாதிரி. குடத்தை மட்டும் கொண்டாடுவது ஒற்றைச் சக்கரத்தை உருட்டுவதுதான்.

நெசவாளர் கையில் ஒரு கோயில்

இவ்வளவு சொன்ன பிறகு இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். உத்திரமேரூர்ச் சபையில் உட்கார்ந்தவர்கள் நிலமும் வேதக் கல்வியும் உள்ள அந்தண ஆண்கள். அந்த நிலத்தில் உழுதவர், ஏரியில் மண் சுமந்தவர், தறி நெய்தவர், எந்த வீட்டுப் பெண்ணும் அந்தக் குடத்துக்குள் இல்லை. 'உலகின் முதல் ஜனநாயகம்' என்று முழங்குவதற்கு முன் இதை நினைத்துப் பார்ப்பது நல்லது.

ஆனால், தமிழ்நாட்டில் அன்று பிரமதேயங்களின் சபை மட்டும் இல்லை. வேளாண் ஊர்களுக்கு 'ஊர்' என்ற அவையும், வணிகர்களுக்கு 'நகரம்' என்ற அவையும் இருந்தன. காஞ்சிபுரத்துக்கே ஓர் அருமையான சான்று இருக்கிறது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ள உத்தம சோழனின் செப்பேடுகள் 10-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தவை. அவை பேசுவது அன்று கச்சிப்பேடு எனப்பட்ட காஞ்சியின் ஊரகம் கோயிலைப் பற்றி. இன்று உலகளந்த பெருமாள் கோயில் என்கிறோமே, அதேதான்.

அந்தக் கோயில் காரியங்களைப் பார்க்கும் பொறுப்பை அரசன் ஒப்படைத்தது யாரிடம் தெரியுமா? காஞ்சியில் குடியிருந்த பட்டுசாலியரிடம். நெசவாளர்கள்! கம்புழான்பாடி, அதிமானப்பாடி, கஞ்சகப்பாடி, ஏற்றுவழிச்சேரி என்று அவர்கள் வாழ்ந்த நான்கு பகுதிகளின் பெயர்களும் செப்பேட்டில் இருக்கின்றன. தறியில் ஒவ்வொரு இழையையும் எண்ணி நெய்கிறவர்கள் கோயில் வரவையும் செலவையும் பார்த்துக்கொண்டார்கள். இன்று காஞ்சிபுரத்தில் பட்டெடுத்துவிட்டுப் பெரிய காஞ்சிபுரத் தெருக்களில் நடக்கிறவர்கள், ஆயிரம் ஆண்டு முன்பு இந்த ஊர் நெசவாளர்கள் கணக்குப் பார்த்த கோயிலைக் கடந்துதான் போகிறார்கள்.

சுவரிலிருந்து சட்டத்துக்கு

உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைத் தொல்லியல் துறையினர் படியெடுத்தது 1898-இல். தமிழும் கிரந்தமும் கலந்த அந்த வரிகளை வாசித்து, மொழிபெயர்த்து, 1904-05 ஆண்டறிக்கையில் விரிவாக வெளியிட்டவர் கல்வெட்டறிஞர் வி. வெங்கய்யா. பிறகு வரலாற்றறிஞர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி சோழர் நிர்வாகம் பற்றிய தமது ஆய்வுகளில் இந்த ஊருக்குப் பெரிய இடம் கொடுத்தார்.

1948-இல் இந்தச் சுவர் டெல்லிக்கே போனது. அரசியல் நிர்ணய சபையில் கிராமப் பஞ்சாயத்து பற்றிய விவாதம். இந்தியக் கிராமங்கள் சாதியும் குறுகிய புத்தியும் மண்டிய இடங்கள் என்று அதே மாதத் தொடக்கத்தில் அம்பேத்கர் கடுமையாகச் சொல்லியிருந்தார். நவம்பர் 22-ஆம் தேதி, பஞ்சாயத்துகளை அமைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்ற திருத்தத்தை கே. சந்தானம் கொண்டுவந்தார். அம்பேத்கர் அதை ஏற்றுக்கொண்டார். அந்த விவாதத்தில் பேசிய டி. பிரகாசம், காஞ்சிபுரம் அருகே உள்ள உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சான்றாக எடுத்துக் காட்டினார். அந்தத் திருத்தம்தான் அரசியலமைப்பின் 40-ஆவது பிரிவு ஆனது.

யோசித்துப் பார்த்தால், பிரகாசம் சொன்னதற்கும் அம்பேத்கர் அஞ்சியதற்கும் ஒரே சுவரில் ஆதாரம் இருக்கிறது. ஊர் தன் காரியத்தை ஒழுங்காகப் பார்க்கும் என்பதும் அங்கே எழுதியிருக்கிறது. யாரை வெளியே நிறுத்தும் என்பதும் அங்கேயே எழுதியிருக்கிறது.

வெளியே நின்றவர்களை உள்ளே கொண்டுவரச் சட்டத்துக்கு இன்னும் 44 ஆண்டுகள் ஆயின. 1992-இல் நிறைவேறிய 73-ஆவது திருத்தம், உள்ளாட்சியில் பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இட ஒதுக்கீட்டைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டில் பெண்களுக்கு இப்போது பாதி இடங்கள். இந்த விஷயத்தில் 921-ஐவிட நாம் வெகுதூரம் வந்துவிட்டோம். சந்தேகமே இல்லை.

கேட்டால்தான் கணக்கு

கணக்கு விஷயத்தில்?

விதிகள் இருக்கின்றன. தேர்தல் செலவுக் கணக்கை முறையாகக் கொடுக்காத வேட்பாளரை 3 ஆண்டுகள் போட்டியிடத் தகுதியற்றவர் ஆக்க மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் வழி செய்கிறது. தமிழ்நாட்டு ஊராட்சிகளில் ஆண்டுக்கு 6 முறை கிராம சபை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சியின் வரவு செலவும் தணிக்கை அறிக்கையும் அங்கே மக்கள் முன் வர வேண்டும். அந்தச் சபையில் உறுப்பினராகக் கால் வேலி நிலம் வேண்டாம், வேதம் வேண்டாம், 35 வயதாகவும் வேண்டாம். ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும்.

பெயர் இருப்பவர்களில் எத்தனை பேர் அன்று போகிறார்கள்? விடுமுறை நாளில் பிரியாணி தயாராகும் நேரத்தில் கிராம சபையில் கணக்கு வாசிக்கப்படுகிறது. பல ஊர்களில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புகிறவர்கள் அதிகம். வாசிக்கிற கணக்கை நிறுத்தி, 'அந்தக் கால்வாய்க்கு எவ்வளவு செலவு, இன்னொரு முறை சொல்லுங்கள்' என்று கேட்கிறவர் குறைவு. உத்திரமேரூர்ச் சபை ஓலையை ஒருவர் வாசித்ததும் நம்பிவிடவில்லை. மண்டபத்தில் இருந்த அத்தனை நம்பிமாரும் வாசித்தார்கள். நம்பிக்கை இல்லாததால் அல்ல. நம்பிக்கை நீடிக்க வேண்டும் என்பதால்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கிராம சபைகள் நடப்பது ஊராட்சிகளில். சபைக்கே பெயர்போன உத்திரமேரூர் இன்று பேரூராட்சி. கிராம சபை பார்க்க வேண்டும் என்றால் பக்கத்துக் கிராமங்களுக்குத்தான் போக வேண்டும்.

அடுத்த முறை காஞ்சிக்குப் போகிறவர்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒரு அரை நாள் உத்திரமேரூருக்கு ஒதுக்கலாம். அந்தச் சுவரின் எழுத்தை நம்மால் உடனே வாசிக்க முடியாது. பரவாயில்லை. ஊர்ப் பணத்தில் கை வைத்தவர் கணக்குக் காட்டாவிட்டால் அவர் மருமகனுக்குக்கூட இடம் இல்லை என்று இந்தக் கல்லில் எழுதியிருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொன்னால் போதும்.

அப்புறம் ஜனவரி 26 வரும். சொந்த ஊரில் கிராம சபை கூடும். கணக்கு வாசிப்பார்கள். உட்கார்ந்து கேட்க ஆள் வேண்டும்.